முயல் வேட்டைக்கு ஏற்ற பொழுது



தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவனைப் பற்றி நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. முயல் வேட்டைக்கு ஏற்ற பொழுது எது என்று கேட்டாலும் அதே நிலைதான். விடியற்காலையே சிறந்தது என்பான் ஒருவன். அந்தி மயங்கும் நேரமே என்பான் மற்றொருவன். நிலவில்லாத நள்ளிரவுக்கு ஈடு இல்லை என்று அடித்துப் பேசுவான் மூன்றாமவன். மூவர் சொல்லிலும் உண்மை இருக்கிறது. ஆயின், ஏன் அந்தப் பொழுது என்று கேட்டால் மூவரும் விழிப்பர். அந்த ‘ஏன்’ என்னும் வினாவுக்கு இன்று விடை காண்போம். விடை கிடைத்தபின், அந்தப் பொழுதை நாம் எவ்வாறு பயன்படுத்துவது என்பதையும் சேர்த்துச் சிந்திப்போம்.

இவ்வினா மிகப் பழையது. ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் வாழ்ந்த செனபோன் என்பவர் சாக்ரடீசின் மாணாக்கர், போர்வீரர், வரலாற்றாசிரியர். நாய்களைக் கொண்டு வேட்டையாடும் முறையைப் பற்றி அவர் பெயரால் ஒரு நூல் வழங்குகிறது. அதன் பெரும்பகுதி முயல் வேட்டையைப் பற்றியதே. கோடையில் நண்பகல் வரையிலும், குளிர்காலத்தில் நாள் முழுவதும், இலையுதிர் காலத்தில் நண்பகல் நீங்கலாகவும், வேனிலில் மாலைக்கு முன்பாகவும் நாய்களை வெளியே கொண்டு செல்லலாம் என்று அந்நூல் வகுத்துரைக்கிறது. குளிர்கால விடியலில் உறைபனி படிந்திருந்தால் முயலின் தடத்தில் மணம் எழாது. ஆதலின் அப்போது நாய்க்கு வேலையில்லை என்றும் கூறுகிறது. குளிர்காலத்தில் தடம் நீண்டு செல்லும், கோடையில் குறுகிவிடும் என்பதும் அதில் உள்ள செய்தி. காரணம் என்ன? குளிர்காலத்தில் இரவு நீளம். கோடையில் இரவு குறைவு. முயல் இரவில் நடமாடும் பிராணி என்பதை இந்த ஒரு குறிப்பே காட்டிவிடுகிறது அன்றோ?

இனி நம் நாட்டு முயலைப் பார்ப்போம். பிடரியில் கருநிறத் திட்டு உடையதாதலின் இதனைக் கரும்பிடரி முயல் என்பர். வீடுகளில் கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயலும் இதுவும் ஒன்றென எண்ணாதீர்கள். கூண்டு முயலின் முன்னோர் ஐரோப்பாவின் குழிமுயல்கள். அவை மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வன. அவற்றின் குட்டிகள் மயிரின்றி, கண் திறவாமல் பிறப்பன. நம் காட்டு முயலோ வளை தோண்டுவதில்லை. புல்லிடையே உடல் அளவுக்கு ஒரு சிறு பள்ளத்தில் தனித்துப் படுத்திருக்கும். அதன் குட்டிகள் மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றன. ஓடி ஒளிய ஒரு வளை இல்லாத பிராணிக்கு நிறமும் அசைவின்மையும் காலின் விரைவுமே அரண்.

தமிழர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர் என்பது நீங்கள் இலக்கண வகுப்பில் கற்றதே. காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்பன அவை. இந்த ஆறினையும் முயலின் வாழ்வோடு பொருத்திப் பாருங்கள். காலை முதல் எற்பாடு வரை, அதாவது பகல் முழுவதும், அது பள்ளத்தில் கிடக்கிறது. வெயிலின் வெம்மைக்கும், வானில் வட்டமிடும் கழுகின் கண்ணுக்கும் தப்ப அதுவே வழி. பட்டினி கிடக்கிறதோ என்று இரங்க வேண்டா. இரவில் மேய்ந்த புல்லின் ஒரு பகுதி மென்மையான புழுக்கைகளாக வெளிவர, அவற்றையே முயல் மீண்டும் உண்டு சத்தை முழுவதும் பெறுகிறது. மாடு அசைபோடுவது போன்ற ஓர் ஏற்பாடு இது.

மாலையில் ஒளி மங்கியதும் முயல் எழுகிறது. யாமம் முழுவதும் மேய்ந்து திரிந்து, வைகறையின் இறுதியில் பள்ளத்துக்குத் திரும்புகிறது. அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய நாற்புறமும் தெரியும். மூக்கின் நேர்முன்னே மட்டும் சிறிது மறைவு. குறைந்த ஒளியில் காண்பதற்கேற்ற நரம்பணுக்கள் அக்கண்களில் மிகுதி. கழுகு அடங்கும் வேளையும் ஆந்தை கிளம்பும் வேளையும் கூடுமிடம் அந்தி. அந்த இடைவெளியில்தான் முயல் துணிந்து வெட்டவெளிக்கு வருகிறது.

வேடனின் கணக்கும் இங்கேதான் பிறக்கிறது. பகலில் முயல் இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது. நள்ளிரவில் அது வெளியே இருக்கும். ஆனால் இருளில் மனிதக் கண் உதவாது. முயலும் வெளியே இருந்து, வேடனுக்கும் கண் தெரியும் பொழுது ஒரு நாளில் இரண்டே. ஒன்று, மாலையின் தொடக்கம். மற்றொன்று, வைகறையின் முடிவு. மூன்றாமவன் நள்ளிரவைச் சொன்னானே எனில், அவன் கையில் விளக்கு இருக்கிறது. திடீரென்று பாயும் ஒளியில் முயல் திகைத்து நின்றுவிடும். அந்தத் திகைப்பைப் பயன்கொள்வது திறமையும் ஆகாது, வீரமும் ஆகாது.

ஆக, வேட்டைக்கு நல்ல பொழுது எது என்பதை வேடன் வகுக்கவில்லை; முயலின் தேவைகளே வகுத்தன. வேடனுக்கு வாய்ப்பாகும் ஒவ்வொன்றும் முயலுக்கு இன்றியமையாத ஒன்று. இதற்கு ஒரு சான்று சொல்வேன். ஐரோப்பியக் காட்டு முயலை ஆராய்ந்தோர் ஓர் உண்மையைக் கண்டனர். தாய்முயல் குட்டிகளோடு தங்குவதில்லை. குட்டிகள் தனித்தனியே புல்லில் பதுங்கியிருக்கும். கதிரவன் மறைந்த சிறிது நேரத்தில் அவை பிறந்த இடத்தில் ஒன்றுகூடும். தாய் அங்கு வந்து சில நிமிடங்கள் பாலூட்டிவிட்டுப் போய்விடும். பெரும்பாலும் நாளுக்கு ஒரே முறைதான். வேடன் நல்ல பொழுது என்று கொண்டாடும் அந்தியே குட்டிகளின் உணவு வேளை. மிக இளைய குட்டிகளை வேட்டையில் ஆர்வமுடையோர் வேட்டைத் தெய்வமாகிய ஆர்ட்டிமிசுக்கென விட்டுவிடுவர் என்று செனபோனின் நூல் பெருமையாகக் குறிப்பிடுகிறது. நல்ல எண்ணமே. ஆயின், தாயைக் கொன்றபின் குட்டியை விட்டென்ன, விடாவிட்டால் என்ன?

“அயல்நாடுகளில் இன்றும் முயலைச் சுடுகிறார்களே?” என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். தக்க வினாவே. ஆஸ்திரேலியாவில் 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்து விட்டார். அவை பெருகிப் புல்வெளிகளையே அழித்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை நெடுந்தொலைவுக்கு வேலி கட்டினார்கள். துப்பாக்கிக்கும் வேலிக்கும் அடங்காத அவற்றை 1950இல் ஒரு நோய்க் கிருமியைப் பரப்பியே பெருமளவு குறைத்தார்கள். சில ஆண்டுகளில் அந்நோயைத் தாங்கும் ஆற்றல் பெற்று அவை மீண்டும் பெருகலாயின. அங்கே முயல் மனிதன் கொண்டு சேர்த்த வந்தேறி. இங்கோ அது மண்ணின் மைந்தன். நம் காடுகளில் நரியும் காட்டுப்பூனையும் கழுகும் ஆந்தையும் அதனை நம்பி வாழ்கின்றன. முயலைக் குறைப்பவன் அவற்றின் உணவிலும் கைவைக்கிறான்.

நமது சட்டமும் இதனை உணர்ந்தே எழுந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் முயல் சிறு வேட்டை விலங்குகளின் பட்டியலில் இருந்தது. உரிமம் பெற்றோர் வேட்டையாட இடமிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியையும் அடைத்தது. கொல்வது மட்டும் வேட்டையன்று. கண்ணி வைப்பதும், வலை விரிப்பதும், விரட்டுவதும், அவற்றுக்கு முயல்வதும் வேட்டையே என்கிறது சட்டம். ‘முயல்’ என்னும் சொல் விலங்கின் பெயராகவும் ‘முயற்சி செய்’ என்னும் ஏவலாகவும் நிற்பது தமிழின் அழகு. இந்த ஓர் இடத்தில் மட்டும் முயலைப் பிடிக்க முயலாதீர்கள்.

இதனை விளையாட்டாகச் சொல்லவில்லை. பொங்கலையும் சிவராத்திரியையும் ஒட்டி முயல் வேட்டைக்குப் புறப்படும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், நல்ல ஓட்டக்காரன், காவலர் தேர்வில் வெற்றி பெற்று ஆணையை எதிர்பார்த்திருந்தான். மாட்டுப் பொங்கலன்று நண்பர்களோடு நாயும் வலையுமாகச் சென்று பிடிபட்டான். வலையில் கிடந்தது ஒரு சினைமுயல். அவன் மேல் வழக்குப் பதிவாயிற்று. நன்னடத்தை விசாரணையில் அது குறுக்கே நின்றது. அவனுடைய தாய் அந்த வழக்குத் தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தபோது, அவரிடம் சொல்ல என்னிடம் சொல் இல்லை. ஊர்வழக்கம் என்பது அவனுக்குத் துணை வரவில்லை. முயலை வீழ்த்திய அம்பைக் காட்டிலும் யானைமேல் எறிந்து குறிதவறிய வேலையே வள்ளுவர் உயர்வாகக் கருதினார். வீரத்தைக் காட்ட விரும்பும் இளைஞருக்கு அது ஒன்று போதும்.

அப்படியானால் அந்த நல்ல பொழுது வீணா? இல்லை. அதே பொழுதில், பெரியவர் ஒருவரைத் துணைகொண்டு, ஊருக்கு வெளியே மேய்ச்சல் தரையின் ஓரத்தில் போய் அமருங்கள். நாய் வேண்டா; விளக்கு வேண்டா. காற்று உங்கள் முகத்தில் வந்து படும்படி இருங்கள். உங்கள் வாடை முயலை எட்டாது. கதிரவன் மறைந்த நேரத்தையும், முதல் முயல் தென்பட்ட நேரத்தையும் ஏட்டில் குறியுங்கள். ஒரு மாதம் இவ்வாறு குறித்தால், வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும், மழை நாளுக்கும் வறண்ட நாளுக்கும் உள்ள வேறுபாடு உங்கள் கையெழுத்திலேயே தெளிவாகும். செனபோன் காலத்து வேடர் நாயின் மூக்கைக்கொண்டு அறிந்ததை, நீங்கள் ஒரு பென்சிலைக்கொண்டு அறிவீர்கள். அடுத்த நாளும் அதே முயல் அங்கே உங்களுக்காக இருக்கும். வேடனுக்கு அந்தப் பேறு இல்லை.