தெருவிளக்கும் நாமும்

(வள்ளூரில் நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கப் பொருளைக் கொண்டு தெருமுனையில் புதிய விளக்கொன்று நாட்டி, கொடையாளர் பெயரைக் கல்லிற் பொறிக்கவேண்டுமெனச் சென்ற கூட்டத்தில் ஒரு யோசனை பிறந்தது. அதனை மறுத்துப் பேசவே யாம் எழுந்துள்ளோம், பொறுத்தருள்க.

நம்மூர் அனல்மின் நிலையம் 500 மெகாவாட் ஆற்றலுடைய இயந்திரங்கள் மூன்று கொண்டது. அதன் புகைபோக்கி நம் வாயிலினின்றே தெரியும். எனினும் சென்ற ஐப்பசி மழையில் நம் தெருவின் மூன்று கம்பங்கள் இருபது நாள் இருண்டு கிடந்தன. இரவு வேலை முடித்து வந்த நம் உறவினர் ஒருவர் தெருவோரக் கால்வாயில் விழுந்து கணுக்கால் முறிந்தார். கம்பம் இருந்தது, விளக்கும் இருந்தது. அது எரியவில்லையென்று உரியவிடத்திற் சொல்வார்தாம் இல்லை. அடுத்த வீட்டார் சொல்லியிருப்பாரென ஒவ்வொருவரும் இருந்துவிட்டோம். அங்ஙனம் இருந்தவருள் யாமும் ஒருவரே.

திருவொற்றியூர் முதலிய கோயிற் கல்வெட்டுக்களில் நந்தாவிளக்குக் கொடைகள் பலவுள. சோழர் காலத்தில் விளக்கொன்றுக்கு 90 ஆடுகள் விடுதல் பெருவழக்கு. அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இறந்தன போகக் குட்டிகளால் தொகை குறையாது நிற்குமாதலின் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். எத்துணை நுட்பம்! விளக்கு வைத்தவர் நெய்க்கும் வழி வகுத்தார். நெய் அளப்பவர் இன்னாரென்பதையும் பலவிடத்துக் கல்லில் எழுதுவித்தார்.

மின்விளக்கு நெய் கேளாது, பேணுதல் கேட்கும். கடற்காற்றின் உப்புக் கம்பத்துப் பெட்டியை அரிக்கும், மழைநீர் உட்புகும். சோடியம் விளக்கு நீங்கி வந்த எல்.இ.டி. விளக்கிலும், ஒளிதரும் பகுதி நன்றாயிருக்க, மின்சாரத்தை மாற்றியளிக்கும் சிறு கருவி முதலிற் கெடுதல் உண்டு. பட்டப்பகலில் எரியும் விளக்கும் பழுதுற்ற விளக்கே.

தெருவிளக்கு ஊராட்சியின் கடமையென்பது 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த கத்திவாக்கத்தார் 1913 என்னும் எண்ணில் முறையிடுவர். நமக்கு ஊராட்சி அலுவலகம் உண்டு. கிராம சபையும் உண்டு.

ஆதலின் கல்லுக்கென ஒதுக்கிய பொருளைக் கால் முறிந்தவர் மருத்துவத்துக்கு அளிப்போம். மாதத்துக்கு ஒரு குடும்பம் பொறுப்பேற்று, கம்பத்தின் எண், விளக்கு அணைந்த நாள், முறையிட்ட நாள், மீண்டும் எரிந்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவருக. நம் இளைஞர் தாமே கம்பத்தில் ஏறுதல் கூடவே கூடாது. மழைநாளில் தொடுதலும் ஆகாது. பிறர் வாழும் தெருக்களையும் அந்நோட்டிற் சேர்க்கவேண்டும். விழுவார் குலத்தைக் கால்வாய் கேட்பதில்லை.

முதல் மாதத்தை எம் வீட்டார் ஏற்றனர்; நோட்டும் வாங்கியாயிற்று. இல்லம் திரும்புவோர் பள்ளிக்கூட மூலையில் சற்றே பார்த்து நடக்க. நேற்றிரவு முதல் அக்கம்பத்து விளக்கு எரியவில்லை.