ஊசி போட்ட கையை உதறிவிடலாமா?

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், வேலை இழந்த ஒப்பந்த செவிலியர்கள் பற்றி நிர்வாகக்குழு உறுப்பினர் ஒருவர் பேசியது. குழுக் கூட்டங்களில் படித்துக் காட்டி விவாதிக்கலாம்.)



வரவு செலவு வாசிச்சு முடிச்சாச்சு. சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு. அந்த அரை மணி நேரத்தில் ஒரு விஷயத்தை உங்களோடு மனம் விட்டுப் பேசணும். முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

2023-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம். எங்கள் குழுக் கூட்டம். ஒரு அக்கா வரவில்லை. வீடு சீர் செய்ய 40,000 ரூபாய் கடன் வாங்கியவர். மாதம் 2,000 ரூபாய் தவணை, ஒரு நாள்கூடத் தவறியதில்லை. "வரலைன்னா அபராதம் போடுங்க, விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்"னு நான்தான் சொன்னேன். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த வயசான அம்மா எழுந்தார். "என் வீட்டுக்காரரு ஆக்சிஜன் வெச்சுப் படுத்திருந்தப்போ, நாங்க யாரும் கிட்ட போக முடியலை. அந்த அக்கா பெத்த புள்ளதான் பக்கத்துல நின்னு தண்ணி குடுத்துச்சு. இப்ப அந்தப் புள்ளைக்கு வேலை போயிருச்சு. அதான் அவ கூட்டத்துக்கு வர வெட்கப்படுறா. அபராதம் போடுறதுன்னா, அந்தப் புள்ளைக்கு நாம எத்தனை ரூபா கட்டணும்னு முதல்ல கணக்குப் போடுங்க" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அந்தப் பெண் கொரோனா காலத்தில் வேலைக்குச் சேர்ந்த செவிலியர். 2020-ல் நோய் பரவியபோது, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2019-ல் நடத்திய தேர்வை எழுதித் தேறியிருந்தவர்களை அரசு ஒப்பந்த அடிப்படையில் வேலைக்குக் கூப்பிட்டது. மாதம் 14,000 ரூபாய் சம்பளம். ஆறு மாத ஒப்பந்தம் என்று தொடங்கி, நீட்டித்து நீட்டித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. நாம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த நாட்களில், அவர்கள் கவச உடை போட்டுக்கொண்டு வார்டில் நின்றார்கள். வீட்டுக்கு வந்தால் பெற்ற பிள்ளையைத் தூக்க முடியாது.

2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது, இனி நீட்டிப்பு இல்லை என்று அரசு சொல்லிவிட்டது. 2,000 பேருக்கு மேல் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். சேலத்திலும் சென்னையிலும் போராட்டம் நடந்தது. மாவட்ட சுகாதாரச் சங்கம் மூலமாக 18,000 ரூபாய் சம்பளத்தில் மாற்றுப் பணி தருகிறோம் என்று அரசு அறிவித்தது. அதுவும் ஒப்பந்த வேலைதான். "நாங்க தேர்வு எழுதித் தேறினவங்க, எங்களுக்கு நிரந்தரப் பணி வேணும்" என்பது செவிலியர்களின் வாதம். "அவசரத்துக்குத் தற்காலிகமாக எடுத்தது" என்பது அரசின் வாதம்.

இது புதுசும் இல்லை. அதற்கு முன்பே 2015-ல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராடியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

"அவங்க படிச்ச பிள்ளைங்க, எங்கயாவது பொழைச்சுக்குவாங்க. நமக்கு என்ன?" என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டு பதில் சொல்கிறேன்.

முதல் பதில்: அந்தப் படிப்பு எப்படி வந்தது? நம் மாதிரி குடும்பங்கள் ஆடு விற்று, நகை அடகு வைத்து, குழுக் கடன் வாங்கிப் படிக்க வைத்த படிப்பு அது. அவள் வேலை போனால் தவணை நிற்கும். தம்பியின் காலேஜ் ஃபீஸ் நிற்கும். ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் பார்த்த வேலையை ஒருத்தர் பார்ப்பார். ராத்திரி பிரசவ வலி எடுத்துப் போகிற நம் மகள் காத்துக் கிடப்பாள். ஆகவே நஷ்டம் அவளுக்கு மட்டும் இல்லை.

இரண்டாவது பதில்: மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. அதில் வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுத்த பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் யார்? நம் மகளிர் குழுப் பெண்கள். அவர்களுக்குக் கிடைத்ததற்குப் பெயர் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. 'தன்னார்வலர்' என்ற பெயரில் மரியாதை இருக்கு, பி.எஃப்., பேறுகால விடுப்பு இதெல்லாம் அந்தப் பெயரில் வராது. இன்றைக்கு செவிலியருக்கு நடந்ததைப் பார்த்து நாம் சும்மா இருந்தால், நாளைக்கு நமக்கு நடக்கும்போது கேட்க யார் வருவார்?

சரி, நாம் என்ன செய்ய முடியும்? எங்கள் குழு செய்ததைச் சொல்கிறேன்.

கடனைத் தள்ளுபடி செய்யவில்லை. அது மற்ற உறுப்பினர்களின் சேமிப்புப் பணம், தள்ளுபடி செய்ய நமக்கு உரிமை இல்லை. மூன்று மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும், பிறகு தவணையை 1,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அபராதம் கிடையாது. அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்கா வந்தார். கடைசித் தவணை வரைக்கும் கட்டி முடித்தார். விதியைக் காப்பாற்றினோம், ஆளையும் காப்பாற்றினோம்.

பிறகு ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் இதை வைத்தோம். எங்கள் ஊராட்சியில் இப்படி வேலை இழந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு, ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். மனு கொடுத்த அடுத்த நாளே வேலை கிடைத்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பெண் சில மாதம் தனியார் மருத்துவமனையில் 9,000 ரூபாய்க்கு வேலை பார்த்தாள். அப்புறம் அரசு சுகாதார நிலையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. இன்னும் நிரந்தரம் இல்லை. ஆனால் "நான் தனியா இல்லைன்னு தெரிஞ்சப்பதான் சித்தி எனக்குத் தூக்கம் வந்துச்சு" என்று சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காகவாவது நாம் போகணும்.

இனி ஒவ்வொரு குழுவும் குறித்துக்கொள்ள வேண்டியவை:

1. காகிதம் முக்கியம். பணி நியமன ஆணை, நீட்டிப்பு ஆணைகள், பணி விடுவிப்பு ஆணை, அனுபவச் சான்று, சம்பளம் ஏறிய பாஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 100 நாள் கொரோனா பணி முடித்தவர்களுக்கு நிரந்தர அரசுப் பணி நியமனத்தில் முன்னுரிமை தரப்படும் என்று 2021 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. கொரோனா பணிச் சான்று இல்லாமல் அதைக் கேட்க முடியாது.

2. செவிலியர் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிடக் கூடாது. வேலை இல்லாத நேரத்தில்தான் இது மறந்து போகும்.

3. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை செவிலியர் பணியிடம், எத்தனை காலி என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தரணும். காலியிடக் கணக்கு கையில் இருந்தால் மனுவுக்குப் பலம்.

4. கிராம சபையில் பேசுங்கள். "எங்கள் சுகாதார நிலையத்தில் காலியிடத்தை நிரப்ப வேண்டும்" என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். நாம் கேட்பது ஒரு பெண்ணின் வேலையை மட்டும் இல்லை, ஊருக்கான மருத்துவத்தையும்தான்.

5. சட்ட உதவி இலவசம். 1987-ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 15100 எண்ணிலும் கூப்பிடலாம். ஒப்பந்த ஊழியர் எல்லோருக்கும் நிரந்தரம் தானாகக் கிடைத்துவிடாது. முறையான தேர்வு இல்லாமல் சேர்ந்தவர்கள் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2006-ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கும் சம ஊதியம் என்று 2016-ல் சொன்னது. நீண்ட காலம் வேலை பார்த்தவர்களை விரட்ட உமாதேவி தீர்ப்பைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் சொன்னது. ஆகவே நம் காகிதத்தை வக்கீலிடம் காட்டிக் கேட்பதே சரி.

6. இடைத்தரகரை நம்பாதீர்கள். "நிரந்தரம் வாங்கித் தர்றேன், லட்ச ரூபாய் குடுங்க" என்று வருவார்கள். அந்தப் பணத்துக்குக் குழுவில் கடன் கேட்டால் தரக் கூடாது. வேலை போன வீட்டில் பணமும் போக நாம் காரணமாகக் கூடாது.

கடைசியாக ஒன்று. வேலை போனவள் வீட்டுக்குப் போனால் "ஏன் போச்சு?" என்று கேட்காதீர்கள். அவள் தப்பு செய்த மாதிரி ஆகிவிடும். "கூட்டத்துக்கு வா" என்று கூப்பிடுங்கள், அது போதும்.

நோய் வந்தபோது கை தட்டினோம், விளக்கு ஏற்றினோம். அந்தப் பெண்களுக்கு அடுப்பு எரிகிறதா என்று பார்க்கிற வேலையும் நம்முடையதுதான். இந்தப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் முன்மொழிகிறேன்: ஒவ்வொரு ஊராட்சியிலும் வேலை இழந்த சுகாதாரப் பணியாளர் எத்தனை பேர் என்று அடுத்த மாதக் கூட்டத்துக்குள் கணக்கெடுத்து, பெயர்ப் பட்டியலோடு கூட்டமைப்புக்குத் தரணும். சம்மதம் என்றால் கை தூக்குங்கள்.

(எல்லா உறுப்பினர்களும் கை தூக்கியதால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.)

வாங்க, சாப்பிடலாம்.