கோட்டை மறைக்கும் பூந்தையல்

வளரும் பிள்ளையின் பாவாடையில் மடிப்பைப் பிரித்து நீளம் விட்டால், பழைய மடிப்புக் கோடு தெரியும். ஜிக்ஜாக் மிஷினில் அதன்மேல் ஓர் அலைத்தையல் ஓட்டுங்கள். கோடு மறைந்து, அந்த இடம் கரை போல ஆகிவிடும். மெல்லிய துணி சுருங்காமலிருக்க, அடியில் வெள்ளைத்தாள் வைத்துத் தைத்து, பிறகு கிழித்துவிடலாம்.

உங்களில், தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் மிஷின் பெற்ற சகோதரிகள் இருப்பீர்கள். நேர்த்தையல் மட்டும் வரும் மிஷினா? அதுவும் போதும். தடித்த எம்பிராய்டரி நூலைக் கையால் பாபினில் சுற்றுங்கள். பாபின் கேஸ் திருகைச் சற்றுத் தளர்த்தி, துணியைக் குப்புறப் போட்டுத் தையுங்கள். நல்ல பக்கத்தில் கைவேலை போலவே பூந்தையல் விழும். ரவிக்கைக் கழுத்தில் இதைப் போட்டுக் கொடுத்தால், கூடுதல் கூலியைத் தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் திறமைக்கான விலை.