சாயங்காலம் வராத தீட்டு

(மணிமுத்தாறில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"மாட்டுக்கறி தின்னுறவங்க" என்று நம்ம சனங்களை ஏளனம் பண்ணுகிறவர்கள் கோயிலுக்குள்ளேயும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கிற வேதத்தையே எடுத்துப் பார்ப்போம்.

லேவியராகமம் 11ஆம் அதிகாரம். குளம்பு பிளந்திருக்கணும், அசைபோடணும். ரெண்டும் இருந்தால் அந்த மிருகம் சுத்தம். மாட்டுக்கு ரெண்டும் உண்டு. உபாகமம் 14 மாட்டைப் பேர் சொல்லியே அனுமதிக்கிறது. விலக்கப்பட்டவை ஒட்டகம், முயல், பன்றி. ஆக, மாட்டுக்கறியைப் பார்த்து முகம் சுளிக்கிற கிறிஸ்தவர் அந்த அருவருப்பை மோசேயிடம் வாங்கவில்லை; சாதியிடம் வாங்கியிருக்கிறார்.

வேதத்தையும் நாம் சும்மா விடக்கூடாது. தானாகச் செத்ததை இஸ்ரவேலர் தின்னக்கூடாது, ஊரில் ஒண்டியிருக்கும் அந்நியருக்குக் கொடுக்கலாம் என்கிறது அதே உபாகமம். இந்த ஏற்பாடு நமக்குப் புதுசா? செத்த மாட்டைத் தூக்க வைத்து, அதைத் தின்றதற்காகவே ஒதுக்கியும் வைத்தார்களே! மாட்டுக்கறி உண்பதை விடாததுதான் தீண்டாமையின் வேர்களில் ஒன்று என்று அம்பேத்கர் 1948இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் வாதிட்டார்.

ஆனாலும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. லேவியராகமப்படி செத்ததைத் தின்றவர் துணி துவைத்து, குளிக்கணும். பொழுது சாய்ந்தால் தீட்டு முடிந்தது. சொந்த ஊர்க்காரருக்கும் அந்நியருக்கும் இதே விதி என்கிறது 17ஆம் அதிகாரம். நம் மேல் சுமத்தின தீட்டுக்கோ நூற்றாண்டுகளாகியும் சாயங்காலம் வரவில்லை. ஞானஸ்நானம் எடுத்த பிறகும் பல ஊர்களில் கல்லறைத் தோட்டம் தனித்தனி.

அப்போஸ்தலர் 10ஐப் படியுங்கள். பேதுரு யோப்பாவில் தங்கியிருந்தது தோல் பதனிடும் சீமோன் வீட்டில். செத்த தோலைத் தொட்டுப் பிழைக்கிற வீடு அது. அங்கேதான் எல்லா மிருகமும் நிறைந்த விரிப்பு வானத்திலிருந்து இறங்குவதைப் பார்க்கிறார். பிறகு கொர்நேலியு வீட்டில் அதற்கு விளக்கம் சொல்கிறார்: எந்த மனுசரையும் அசுத்தம் என்று சொல்லக்கூடாது. கறியைக் காட்டி மனுசரைப் பற்றிச் சொன்ன பாடம் இது.

அதே பேதுரு அந்தியோகியாவில், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் புறசாதியாரோடு சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார் (கலாத்தியர் 2). பந்தியை விட்டு எழுந்ததைச் சுவிசேஷத்துக்கே விரோதம் என்றார்.

1850இல் சென்னை மிஷனரி மாநாடும் இதைத்தான் பிடித்தது. எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதே சாதியை விட்டதற்கு அடையாளம் என்று தீர்மானித்தது.

நம்ம திருநெல்வேலிச் சீமைச் சபைகளில் அசனம் உண்டு. ஊரே கூடிச் சாப்பிடுகிற விருந்து. அடுத்த அசனத்தில் மாணவர்கள் மூணு கேள்வி கேளுங்கள்: அடுப்பில் நின்று சமைத்தது யார்? பரிமாறினது யார்? யார் வீட்டுக்குச் சோற்றை வாளியில் வாங்கிக்கொண்டு போகிறார்கள், பந்தியில் உட்காராமலே? பதில் கிடைக்கிற வரைக்கும் கேளுங்கள். நம்ம பெண்கள் சமைக்கிற அசனத்தில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்காரட்டும். எழுந்து போகிறவர்களிடம் கலாத்தியர் 2ஐத் திறந்து வாசித்துக் காட்டுங்கள்.