கண்ணாடியில் புரண்ட எழுத்து

(நூற்றாண்டு விழாவில் மாணவியர்க்கு ஆற்றிய உரை)



உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கணினியில் செய்த அசையும் சித்திரத்தைச் சற்று முன் பார்த்தோம். மத்திய அமெரிக்காவின் மாயா சிற்பங்கள் கலைடாஸ்கோப்பில் போல ஆறாக விரிந்து சுழன்றன. பார்க்கப் பார்க்க அழகு. ஒரு வைத்தியராக ஒன்று மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

கலைடாஸ்கோப்பை 1816இல் உருவாக்கியவர் ஸ்கொட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர். இரண்டு கண்ணாடிகளை 60 பாகையில் வைத்தால் ஆறு துண்டுகள் தெரியும். 45 பாகையில் எட்டு. ஒரு துண்டு நேராக இருந்தால் அதற்கு அடுத்தது இடம் வலம் மாறியிருக்கும். வளையல் துண்டுக்கு அதனால் நட்டமில்லை. எழுத்துக்கு?

நீங்கள் சுழலவிட்ட சதுரங்கள் வெறும் அலங்காரமல்ல, எழுத்துகள். இரண்டிரண்டு நிரல்களாக, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக வாசிக்கப்படுபவை. அவற்றிலுள்ள முகங்கள் பெரும்பாலும் இடப்பக்கம் பார்க்கும்.

மெக்சிக்கோவின் யாஷ்சிலான் நகரில் 8ஆம் நூற்றாண்டில் செதுக்கிய ஒரு வாசல் மேற்கல் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசி கபால் ஷோக்கின் முன் ஒரு பாம்பு எழுகிறது. அதன் வாயிலிருந்து ஒருவர் வெளிப்படுகிறார். அந்தக் கல்லில் எழுத்து கண்ணாடி விம்பம் போலத் திருப்பி எழுதப்பட்டுள்ளது. மறு உலகிலிருந்து பார்ப்பதைக் காட்டவே அப்படி எழுதினார்கள் என்பது சில அறிஞர்களின் கருத்து. ஆக, அவர்களுக்கும் திருப்பத் தெரியும். காரணத்தோடு திருப்பினார்கள்.

பயிற்சி வைத்தியராக இருந்த காலத்தில் நான் ஓர் எக்ஸ்ரே படத்தை இடம் வலம் மாறி மாட்டிவிட்டேன். படம் தெளிவாகத்தான் இருந்தது. ஓரத்திலிருந்த பக்கக் குறியை நான் பார்க்கவில்லை. மூத்த வைத்தியர் ஒருவர் கண்டு சொல்லாதிருந்தால், நோயில்லாத பக்கத்துக்கு மருத்துவம் செய்திருப்போம். அன்றிலிருந்து எந்தப் படத்திலும் முதலில் குறியைத்தான் பார்ப்பேன்.

மாயா மக்கள் அழிந்துபோனவர்கள் அல்லர். குவாத்தமாலாவிலும் மெக்சிக்கோவிலும் இலட்சக்கணக்கானோர் இன்றும் மாயா மொழிகளைப் பேசுகிறார்கள். பழைய எழுத்தை மீண்டும் படித்துக்கொள்பவர்களும் அவர்களிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பிள்ளை உங்கள் சித்திரத்தைப் பார்க்கக்கூடும். தமிழ் எழுத்து தலைகீழாகச் சுழன்றால் நமக்கு எப்படியிருக்கும்?

நெசவுக் கோலங்களை விருப்பம்போல் விரியுங்கள். எழுத்தை மட்டும் ஒருமுறை நேராக நிறுத்திக் காட்டிவிட்டுப் பிறகு சுழற்றுங்கள். அடுத்த சித்திரத்தைப் பார்க்கவும் நான் வருவேன்.