கலே கடற்கரையின் எழுதப்படாத நாள்



அயல்நாட்டுப் பயணத்தின் கடைசி நாளைக் கடற்கரையில் கழிப்பது பலருக்கும் வழக்கம். மூட்டை கட்டியாயிற்று; காண வேண்டியவற்றைக் கண்டாயிற்று; கப்பலேற இன்னும் சிறிது பொழுது இருக்கிறது. அந்தச் சிறு பொழுதில் கால்கள் தாமாகவே கடலை நோக்கி நடக்கின்றன. கடற்கரை ஒரு நாட்டின் ஓரம். அங்கே நிற்பவரின் கால்கள் இன்னும் அந்த நாட்டு மணலில் பதிந்திருக்கின்றன; கண்களோ அதைக் கடந்துவிட்டன.

ஆங்கிலக் கவிதை வரலாற்றில் அத்தகைய பயணம் ஒன்று உண்டு. 1802ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தும் அவருடைய தங்கை டோரதியும் பிரான்சின் வடகரையிலுள்ள கலே துறைமுக நகரில் நான்கு வாரம் தங்கினார்கள். அந்தப் பயணத்தின் முடிவைப் பற்றி அவர்கள் எழுதாமல் விட்டவையும், அக்கரை சேர்ந்தபின் எழுதியவையும் கவிதை எழுதுவோர் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

பயணத்தின் காரணம் எளியதன்று. 1791ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சுக்குச் சென்ற இளைஞர் வேர்ட்ஸ்வொர்த், அங்கே புரட்சியின்மீது பற்றுக் கொண்டார். ஆனெட் வலோன் என்னும் பெண்ணின்மீது காதலும் கொண்டார். 1792 டிசம்பர் 15ஆம் நாள் ஓர்லேயான் நகரில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கரோலின் என்று பெயரிட்டார்கள். குழந்தை பிறந்த வேளையில் தந்தை அருகில் இல்லை. 1793 பிப்ரவரியில் இரு நாடுகளுக்கும் இடையே போர் மூண்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் ஆனெட் இரு கடிதங்கள் எழுதினார். ஒன்று வில்லியத்துக்கு, மற்றொன்று அதுவரை முகம் கண்டிராத டோரதிக்கு. அவை இரண்டும் வழியிலேயே பறிக்கப்பட்டு அரசு ஆவணக் கட்டுக்குள் முடங்கின.

1802 மார்ச்சு மாதம் ஆமியேன் நகரில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1803 மே மாதம் மீண்டும் போர் தொடங்கியது. இடைப்பட்ட பதினான்கு மாதங்களே கடல்வழி திறந்திருந்தது. அந்தச் சிறு வாயிலின் வழியாகத்தான் வேர்ட்ஸ்வொர்த் கலேவுக்குச் சென்றார். மேரி ஹட்சின்சன் என்பவரை மணக்க அவர் முடிவு செய்திருந்தார். மணத்திற்கு முன் ஆனெட்டை நேரில் கண்டு பேசிவிட வேண்டும் என்பதே பயணத்தின் நோக்கம். அப்போது அவருக்கு வயது 32. மகளுக்கு ஒன்பது முடிந்து பத்து நடந்துகொண்டிருந்தது.

ஆகஸ்டு முதல் நாள் விடியற்காலை நான்கு மணிக்குக் கப்பல் கலேவை அடைந்தது. டோரதியின் நாட்குறிப்பு அந்த நான்கு வாரங்களையும் ஒரு சில பத்திகளுக்குள் அடக்கிவிடுகிறது. தங்கிய அறைகளில் தட்டுமுட்டுச் சாமான்கள் மோசம். முற்றத்தில் குப்பையும் நாற்றமும். ஏறத்தாழ ஒவ்வொரு மாலையும் ஆனெட்டோடும் கரோலினோடும் கடற்கரையில் நடந்தார்கள். சில மாலைகளில் அண்ணனும் தங்கையும் மட்டும் நடந்தார்கள். டோரதிக்குச் சளி பிடித்திருந்ததால் முதலில் அவரால் கடலில் குளிக்க இயலவில்லை; வில்லியம் குளித்தார். தொலைவில் இங்கிலாந்தின் கரை ஒரு மேகம்போல் தெரிந்தது. புழுக்கமான இரவுகளில் துறையை விட்டுப் புறப்படும் சிறு படகுகளைச் சுற்றி நீர் நெருப்பாக ஒளிர்ந்தது. அதைக் கண்டு கரோலின் மகிழ்ந்தாள் என்று ஒரு சிறு தொடரில் டோரதி குறித்து வைத்திருக்கிறார். அந்தப் பெண் குழந்தையின் மகிழ்ச்சிக்கு அந்த ஒரு தொடரே சாட்சி.

வில்லியம் அந்த நாட்களில் சானெட் என்னும் பதினான்கடிப் பாக்களைத் தொடர்ந்து இயற்றினார். அவ்வாண்டு மே மாதம் தங்கை மில்டனின் சானெட்டுகளை அவருக்குப் படித்துக் காட்டியிருந்தார்; அந்த வடிவம் அவர் நெஞ்சில் பற்றிக்கொண்டது. ஆகஸ்டு 2ஆம் நாள் நெப்போலியன் வாழ்நாள் முழுமைக்கும் பிரான்சின் தலைமைக் கான்சலானான். பதினைந்தாம் நாள் அவனுடைய பிறந்தநாள். பழைய புரட்சிக் கனவு வாடிப்போனதைக் கலேயின் தெருக்களில் கண்ட கவிஞர் அதையும் பாடினார். கடலுக்கு மேலே தோன்றிய மாலை விண்மீனைத் தம் தாய்நாட்டின் விண்மீனாகவும் பாடினார்.

இவற்றுக்கிடையே, கடற்கரையில் தம்மோடு நடந்த குழந்தையைப் பற்றியும் ஒரு சானெட் பிறந்தது. ஆங்கிலம் பயில்வோர் பலரும் அறிந்த பாடல் அது. மாலைப் பொழுது வழிபாட்டில் ஆழ்ந்த துறவுப் பெண்ணைப்போல அமைதியாக இருக்கிறது. கடலின் ஓயாத முழக்கத்தில் இறைமை ஒலிக்கிறது. உடன் நடக்கும் குழந்தையிடம் அத்தகைய ஆழ்ந்த எண்ணத்தின் அறிகுறி இல்லை. ஆயினும் அவள் இறைமைக்குச் சற்றும் குறைந்தவள் அல்லள் என்று கவிஞர் தேறுகிறார். பாடலில் குழந்தைக்குப் பெயர் இல்லை. ‘மகளே’ என்னும் விளியும் இல்லை. அன்புக் குழந்தையே என்பதுபோன்ற பொதுச்சொற்களே உண்டு. 1807இல் அச்சேறிய அந்தப் பாடலை நூறாண்டுக் காலம் படித்தவர்களில் பெரும்பாலோர் அது தந்தை மகளைப் பாடிய பாட்டு என்பதை அறியாமலே படித்தார்கள். கவிஞர் 1850இல் மறைந்தார். 1916இல் ஹார்ப்பர் எழுதிய வரலாறும், 1922இல் எமில் லெகுயி வெளியிட்ட நூலும்தான் ஆனெட்டின் கதையை உலகறியச் செய்தன.

இனிக் கடைசி நாள். ஆகஸ்டு 29, ஞாயிற்றுக்கிழமை, நண்பகலில் கலேவை விட்டுப் புறப்பட்டதாக நாட்குறிப்பு சொல்கிறது. அவ்வளவுதான். விடைபெற்றது எவ்வாறு, ஆனெட் துறைமுகம் வரை வந்தாரா, குழந்தை என்ன கேட்டது, ஒன்றும் இல்லை. படகின் நெருப்புத் தடத்தை அத்தனை நுட்பமாகக் கண்டு எழுதிய கண்கள் அன்று எதையும் எழுதவில்லை. கவிஞரும் எழுதவில்லை. சான்றுகளில் ஒரு மௌனம் மட்டுமே இருக்கிறது.

கப்பல் நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு டோவரைச் சேர்ந்தது. வழி முழுதும் டோரதிக்குக் குமட்டல். துறையில் கப்பல் நின்றபின் அண்ணாந்து பார்த்தார். பாய்க்கயிறுகளுக்கிடையே விண்மீன்கள் தெரிந்தன. அடுத்த பகல் கடுமையான வெயில். இருவரும் கடலில் குளித்தார்கள். பிறகு டோவரின் வெண்பாறை முகட்டில் அமர்ந்து, விட்டு வந்த கரையை நோக்கினார்கள். கால்வாய் அவ்விடத்தில் ஏறத்தாழ 33 கிலோமீட்டர் அகலமே உடையது.

ஒரே காட்சி, இரண்டு பதிவுகள். அக்கரை ஓர் ஆங்கில ஏரியின் மறுகரைபோல அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்று டோரதி எழுதினார்; துயரமும் கனிவும் கலந்த நினைவுகள் எழுந்தன என்றார். வில்லியமோ, டோவருக்கு அருகே செப்டம்பரில் இயற்றியதாகத் தலைப்பிட்ட சானெட்டில், பிரான்சின் கரை இத்தனை அண்மையில் இருக்கிறதே என்று அஞ்சுகிறார். அவர் பார்வையில் அது பகைநாட்டின் கரை. கரையிறங்கிய நாளைப் பாடிய மற்றொரு சானெட்டில் புல்வெளியில் விளையாடும் சிறுவர்களையும் சொந்த மண்ணின் காற்றையும் கண்டு பூரிக்கிறார். அதே கப்பலில், பிரான்சிலிருந்து வெளியேற்றப்பட்ட கறுப்பினப் பெண்ணொருத்தி வெண்ணிற ஆடையில் வந்தாள். அவளுக்கும் ஒரு சானெட் கிடைத்தது. கலேயில் நின்றுவிட்ட ஆனெட்டுக்குக் கிடைக்கவில்லை.

இதைக் கொண்டு கவிஞரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது எளிது. ஐந்து வாரத்தில் மணம் செய்துகொள்ள இருந்தவர், சொல்ல முடியாததைச் சொல்லாமல் விட்டார் என்று ஆறுதல் கூறுவதும் எளிது. இரண்டிலும் கவிதை நழுவிப் போகும். அச்சம் நாட்டின் பெயரால் வந்தது. ஆயினும் திரும்பிப் பார்க்க அஞ்சிய நெஞ்சின் அச்சமும் அதில் கலந்திருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. மறக்க வேண்டிய கரை எப்போதும் மிக அண்மையில்தான் தெரியும்.

தமிழ் மரபு இங்கே ஓர் அளவுகோலைத் தருகிறது. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல், அதன் உரிப்பொருள் இரங்கல், சிறுபொழுது எற்பாடு. அந்த மரபில் புலம்புபவள் பெரும்பாலும் கரையில் நின்றுவிட்டவள். அவளுக்காகப் பேசத் தோழி இருக்கிறாள். போனவனின் பூரிப்பை விட நின்றவளின் பொழுதே பாட்டாகிறது. கலேயில் அந்த முறை தலைகீழாயிற்று. கப்பலேறியவர் பாடினார், கரையில் நின்றவரின் குரல் கேட்கவே இல்லை. அவருடைய கடிதங்களோ நூறாண்டுக்கு மேல் புளுவா நகரத்து ஆவணக் கட்டுக்குள் உறங்கின. தோழியின் இடத்திற்கு அருகில் வந்தவர் டோரதி ஒருவர்தான். அவரும் தோழிக்குரிய கூற்று எதையும் நிகழ்த்தவில்லை. பாறையில் அமர்ந்து திரும்பிப் பார்த்தார், அதைக் குறித்து வைத்தார். எனினும் அண்ணனின் சானெட்டுகள் விட்டுவிட்ட நெய்தல், தங்கையின் அந்த உரைநடையில் தங்கியிருக்கிறது.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. 1816இல் கரோலினுக்குத் திருமணம் நடந்தது. தந்தை ஆண்டுக்கு 30 பவுன் அனுப்பலானார். 1820இல் வேர்ட்ஸ்வொர்த் தம் மனைவியோடும் தங்கையோடும் பாரிசு நகருக்குச் சென்றபோது ஆனெட்டையும் கரோலினையும் மீண்டும் கண்டார். இடையில் பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. கரோலினுக்குப் பிறந்த மகளின் பெயர்களுள் ஒன்று டொரொத்தே. டோரதி என்பதன் பிரெஞ்சு வடிவம் அது.

பாடலில் பெயரில்லாமல் நடந்த குழந்தை, தன் குழந்தைக்கு அந்தப் பெயரைச் சூட்டினாள். கலேயின் மாலைகளில் உடன் நடந்தவரும், மறுகரையின் பாறையிலிருந்து திரும்பிப் பார்த்தவரும் அந்தப் பெயருக்கு உரியவரே.

அந்த மாலைப் பாடலின் அழகு இதனால் குறைந்துவிடாது. பத்தாண்டு நிறைவு காணும் ஒரு வட்டத்தில் கவிதைகள் இன்னும் பல படிக்கப்படும். இதுவும் ஒருநாள் படிக்கப்படலாம். அப்போது அதன் பதினான்கு அடிகளையும் படித்து முடித்தபின் ஒரு கணம் நிறுத்தி, மணலில் நின்றுவிட்ட இருவரின் பக்கமாகவும் அதைக் கேட்டுப் பார்ப்பது நல்ல வாசகருக்கு அழகு. எழுதப்படாத அந்தக் கடைசி நாளுக்கு அதைவிடச் சிறந்த உரை கிடைப்பதற்கில்லை.