திருகாணி போகும் பாதை

முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை என்றதும், “கால் விளங்காமல் போய்விடுமோ?” என்ற அச்சம்தான் பலருக்கும் முதலில் எழுகிறது. அந்த அச்சம் காரணமற்றது அல்ல.

முறிந்த அல்லது வளைந்த முதுகெலும்பை நிலைநிறுத்த, மருத்துவர் எலும்புக்குள் திருகாணிகளைப் பொருத்துகிறார். ஒவ்வொரு முள்ளெலும்பின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் குறுகிய எலும்புப் பாலம் இரு பக்கமும் உண்டு. திருகாணி அதன் வழியே செல்ல வேண்டும். நெஞ்சுப் பகுதியில் அந்தப் பாலம் சிலருக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். அதன் உட்புறத்தை ஒட்டித் தண்டுவடம். எலும்பைத் தாண்டி முன்னே போனால் பெரிய இரத்தக் குழாய்கள்.

சாதாரண எக்ஸ்ரே தட்டையான படம். எலும்பின் குறுக்குவெட்டை அது காட்டாது. 1971ஆம் ஆண்டு இலண்டனில் முதல் நோயாளிக்குப் பயன்படுத்தப்பட்ட சி.டி. ஸ்கேன்தான் அந்தக் குறையைத் தீர்த்தது. 1990ஆம் ஆண்டுகளில் அதனுடன் கணினி வழிகாட்டியும் சேர்ந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? நோயாளியின் எலும்பில் ஒரு சிறிய சட்டம் பொருத்தப்படுகிறது. அதில் ஒளியைத் திருப்பி அனுப்பும் உருண்டைகள் இருக்கும். பின்னர் அறுவை மேசையிலேயே முப்பரிமாணப் படம் எடுக்கப்படுகிறது. மருத்துவரின் கருவியிலும் அதே போன்ற உருண்டைகள். அகச்சிவப்புக் கேமரா இரண்டையும் கவனிக்க, கருவியின் முனை எலும்பில் எங்கே இருக்கிறது என்பதைக் கணினி திரையில் காட்டுகிறது.

ஆனால் கேமரா பார்ப்பது உருண்டைகளை மட்டுமே, எலும்பை அல்ல. யாருடைய முழங்கையாவது பட்டுச் சட்டம் சற்று நகர்ந்துவிட்டால், திரை தவறான இடத்தைக் காட்டும். எச்சரிக்கை மணி அடிக்காது. ஆகவே அனுபவமுள்ள மருத்துவர், தமக்குத் தெரிந்த எலும்பு முனையைக் கருவியால் தொட்டு, திரையும் அதே இடத்தைக் காட்டுகிறதா என்று அடிக்கடி சரிபார்க்கிறார். பொருந்தாவிட்டால் மீண்டும் படம் எடுக்கிறார். காயத்தைத் தைக்கும் முன் இன்னொரு படம் எடுத்தால், தவறிய திருகாணியை அங்கேயே மாற்றிவிடலாம். இரண்டாவது அறுவை தேவைப்படாது. ஒவ்வொரு படத்துடனும் நோயாளி பெறும் கதிர்வீச்சு கூடும் என்பதால், தேவையறிந்தே எடுக்க வேண்டும்.

வழிகாட்டிக் கருவியால் திருகாணிகள் துல்லியமாகப் பொருந்துவது கூடியிருக்கிறது. எனினும் அறுவை தேவையா என்பதை அது சொல்லாது. பெரும்பாலான முதுகுவலி கத்தி படாமலே குணமாகிறது. எனவே நோயாளியும் குடும்பத்தாரும், “எந்தக் கருவி?” என்று கேட்பதற்கு முன், “இந்த அறுவை அவசியம்தானா? செய்யாவிட்டால் என்ன ஆகும்?” என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.